சனிக்கிழமையில் ஒட்டிய காந்தம்

காது குத்து என்று சவுரியம்மாளிடம் பொய் சொல்லிவிட்டு வெண்ணிலா திண்டிவனம் பஸ் ஏறினாள். பாத்திரம் விற்கிறவளுக்குப் பொய் ஒன்றும் புதிதில்லை. "இன்னும் ரெண்டு செட்டுதான் இருக்குது, ஜல்தி சொல்லுங்க" என்பாள். வீட்டில் கட்டிலுக்கு அடியில் பத்து செட்டு அடுக்கியிருக்கும். அதெல்லாம் வியாபாரம். ஆனால் நான்கு வருஷமாகக் கூடவே வருகிறவளிடம், கண்டமங்கலத்தில் நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்து, போகாவிட்டால் வீட்டில் சண்டையாகிவிடும் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னது தொண்டையில் மீன் முள் போல நின்றது.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு வேர்வை எந்த மனுஷிக்கும் வராது. மடியில் ஒரே ஒரு பை. எப்போதும் இரண்டு பை இருக்கும். பாத்திரப் பை வெண்ணிலாவுடையது. இண்டக்ஷன் கரண்ட் அடுப்பு, அஞ்சறைப்பெட்டி, கத்தி, கரித்துணி எல்லாம் கிடக்கும் பை சவுரியம்மாளுடையது. இன்றைக்கு அடுப்பும் இல்லை, அடுப்புக்காரியும் இல்லை.

தொழில் இதுதான். ஏதாவது ஒரு தெருவில் ஒரு வீட்டுக்காரி இடம் கொடுப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிடுவாள். வெண்ணிலாவும் சவுரியம்மாளும் போய் இறங்கி, கூடத்தில் கம்பெனியின் அடி கனத்த பாத்திரங்களைப் பளபளவென்று பரப்பி, அதிலேயே சமைத்துக் காட்டி, சமைத்ததைப் பரிமாறி, சாப்பிட்டவர்கள் கை காய்வதற்குள் ஆர்டர் எழுதிக்கொண்டு திரும்புவார்கள். இடம் கொடுத்தவளுக்கு ஒரு தோசைக்கல் இலவசம். வெண்ணிலா பேசுவாள், சவுரியம்மாள் சமைப்பாள். ஒருத்தி வேலையில் மற்றவள் தலையிட மாட்டாள். வெண்ணிலா வைக்கிற ரசத்தை அவள் புருஷன் சீனுவாசனே மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவன். சவுரியம்மாளோ, யாராவது "எப்பிடி இருக்கீங்க?" என்று கேட்டால் "இருக்கறேன்" என்பதோடு முடித்துக்கொள்கிறவள்.

சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வெண்ணிலாவுக்கு உள்ளுக்குள் ஒரு குமைச்சல். போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "அந்தக் கொழம்பு வைக்கற அம்மா வருவாங்க இல்ல?" என்றுதான். தொண்டை வற்ற மூன்று மணி நேரம் பேசியவளை ஒருத்தியும் விசாரிப்பதில்லை. ஒருமுறை பனமலையில் ஒரு வீட்டுக்காரி அவளைப் பார்த்து, "நீ அந்த அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வந்தவளா?" என்றே கேட்டுவிட்டாள். அன்றைக்கு வெண்ணிலா பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. அது சவுரியம்மாளுக்கே பயமாகப் போய், பட்டாணி வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள்.

இந்த நேரம் பார்த்து ஏரியா மேனேஜர் ஜெகதீசன் போன் செய்தார். "சமையல்லாம் எதுக்குங்க மேடம்? அந்த நேரத்துல மூணு வீடு முடிச்சிடலாம். கம்பெனி வீடியோ குடுக்குது, டிவியில போட்டு வுடுங்க. ஒரு ஆளு போதும். தனியா ஒருவாட்டி பண்ணிப் பாருங்க. சரியா வந்துச்சின்னா அடுத்த மாசத்துலருந்து கம்பெனி லிஸ்ட்ல உங்க பேரு மட்டும் வச்சிக்கலாம்."

"அப்ப சவுரியம்மாக்கா, சார்?"

"அத அப்பறம் பேசிக்கலாங்க."

முடியாது என்று வெண்ணிலா சொல்லவில்லை. "பாக்கறேன் சார்" என்றாள். லிஸ்டில் தன் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை. அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இத்தனை நாளும் விற்றது தன் வாயா, சவுரியம்மாளின் கையா? தெரிந்தபிறகு சவுரியம்மாள் என்ன ஆவாள் என்ற கேள்வி எட்டிப் பார்க்கும்போதெல்லாம், எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். வீட்டில் இரண்டு நாளாக மடிக்காத துணியே கிடையாது.

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் கணக்காகத்தான். சனிக்கிழமை சவுரியம்மாள் மற்ற பெண்களோடு சேர்ந்து மாதா கோயிலைக் கழுவுவாள். அதனால் இந்த நான்கு வருஷத்தில் அவர்கள் சனிக்கிழமை வியாபாரத்துக்குப் போனதே இல்லை.

திண்டிவனத்தில் இடம் கொடுத்தவள் கலைப்பிரியா. தனியார் பள்ளிக்கூடத்து டீச்சர். விழுப்புரத்தில் அவள் அக்கா வீட்டில் போன மாசம் நடந்ததைக் கேள்விப்பட்டு, தானே போன் போட்டுக் கூப்பிட்டவள். "இந்தவாட்டி புதுமாதிரி பண்ணப் போறோம் மேடம்" என்று மட்டும் வெண்ணிலா சொல்லி வைத்திருந்தாள். எது புது மாதிரி என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

பத்தரை மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. பதினாலு பெண்கள். வாசற்படி ஓரமாக நாற்காலி போட்டு, கலைப்பிரியாவின் மாமியார் அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் கவுன்சிலருக்கு நின்று தோற்றவள். தோற்றாலும் அந்தத் தெருவில் அவள் சொல்தான் எடுபடும்.

"அடுப்பு எங்கம்மா?" என்று முதல் கேள்வியே அவளிடமிருந்துதான் வந்தது.

"இன்னிக்கி டிவியிலயே எல்லாத்தையும் காட்டிடறேம்மா" என்று வெண்ணிலா வீடியோவைப் போட்டாள். வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் தோன்றி, இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசியபடி பாத்திரத்தில் பாஸ்தா கிளறினார். பெண்கள் விளம்பரம் முடியட்டும் என்று காத்திருக்கிற முகத்தோடு பார்த்தார்கள். முடியவில்லை. ஒருத்தி கொட்டாவி விட்டாள். அது வரிசையாகப் பரவியது.

"இதுல காராமணி வேவுமா?" என்று யாரோ கேட்டார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் பதில் சொல்லவில்லை.

வெண்ணிலா டிவியை அணைத்தாள். அணைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

அன்றைக்கு அவள் பேசியது போல அதற்கு முன் பேசியதில்லை. அடிப்பிடித்த பாலைச் சுரண்டுகிறவள் படும் பாட்டைச் சொன்னாள். நடித்தும் காட்டினாள். கைப்பிடி ஆடும் கடாயை இடுக்கியால் தூக்கப்போய், குழம்பையெல்லாம் புருஷன் காலில் கொட்டிய ஒருத்தியின் கதையைச் சொன்னாள். அந்த ஒருத்தி அவளேதான் என்பதைச் சொல்லவில்லை. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செண்பகம் என்கிற குண்டுப் பெண்மணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூடியைத் தட்டி ஓசை கேட்கச் சொன்னாள். அடியைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். பாத்திரங்கள் கை மாறி மாறிக் கூடத்தைச் சுற்றி வந்தன. "எம்பேரு எழுதிக்கம்மா" என்று ஒருத்தி ஆரம்பிக்க, "எனக்கும்", "எனக்குப் பெரிய சைசு" என்று ஒன்பது கை எழும்பியது.

வெண்ணிலாவின் நெஞ்சு தம்மென்று உப்பியது. என் வாய்தான்! ஒரு கரண்டி குழம்பு இல்லாமல் ஒன்பது பேர்! சவுரியம்மாளின் முகம் ஒரு நொடி வந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

அப்போது செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, இது கரண்ட் அடுப்புல வேல செய்யுமா?" என்று கேட்டாள்.

இது எல்லா ஊரிலும் வருகிற கேள்விதான். ஆனால் மற்ற ஊர்களில் இந்தக் கேள்வி வரும் நேரத்துக்குச் சவுரியம்மாள் கரண்ட் அடுப்பில் பாலைப் பொங்க வைத்திருப்பாள். பதில் தானாக வழிந்துகொண்டிருக்கும். இன்றைக்குப் பாலும் இல்லை, அடுப்பும் இல்லை. அதனாலென்ன? கம்பெனி ஒரு காந்தம் கொடுத்திருந்தது. நான்கு வருஷமாகப் பை மூலையில் சும்மா கிடந்த காந்தம். வெண்ணிலா அதை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்தாள். டக்கென்று ஒட்டியது. கவிழ்த்தாள், குலுக்கினாள். விழவில்லை.

"பாத்தீங்களா? இப்பிடி ஒட்டுனாதான் கரண்ட் அடுப்புல வேல செய்யும்!"

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. "எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதே. ஒட்டுனா டூப்ளிகேட்டு இல்ல?" என்றாள் ஒருத்தி.

தன் பாத்திரத்தை டூப்ளிகேட் என்று சொல்ல விட்டுவிடுவாளா வெண்ணிலா? "அய்யய்ய, இன்னா இப்பிடிச் சொல்லிட்டீங்க! உள்ள பாருங்க, ஒட்டாது. சுத்தமான எவர்சில்வர். வெளிய பாருங்க, ஒட்டும். வெளிய வச்சிருக்கறது வேற."

"வேறன்னா இன்னா?" என்றாள் அஞ்சம்மாள் நாற்காலியிலிருந்து.

"இரும்பும்மா! நல்ல தரமான இரும்பு. அதனாலதான் இம்மாங் கனம்!"

"சரி. இன்னிக்கி இன்னா கெழம?"

சொல்ல வாயெடுத்தாள் வெண்ணிலா. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் வைத்திருந்த பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் அதைக் கீழே வைத்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்பது வெண்ணிலாவுக்குத் தெரியாதா? போன வருஷம் ஆணி வாங்கி வந்த சீனுவாசனை, இதே காரணத்துக்காக வாசலிலேயே நிறுத்தி வைத்தவள் அவள். எவர்சில்வரை யாரும் இரும்பு என்று நினைப்பதில்லை, சனிக்கிழமை கடைகளில் அது பாட்டுக்கு விற்கிறது. கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று விடாமல் காந்தத்தை ஒட்டவைத்து, இரும்பு இரும்பு என்று கத்தி, தன் வாயால் தானே கெடுத்துக்கொண்டாள்.

ஆனாலும் விடவில்லை. "இது பாதி எவர்சில்வர்தானே" என்றாள். "பாதி சனியன் புடிச்சா பரவால்லியா?" என்று பதில் வந்தது. "பேரு மட்டும் இன்னிக்கி எழுதிக்கறேன், நாளைக்கு வாங்கிக்கங்க" என்றாள். எழுதினால் வாங்கின மாதிரிதான் என்று தீர்ப்பானது. "கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்துட்டா?" என்று செண்பகம் ஆசையோடு கேட்டாள். "சனீஸ்வரனுக்குக் கவர் பிரிக்கத் தெரியாதாடி?" என்றாள் அஞ்சம்மாள். கூடமே கொல்லென்று சிரித்தது, வெண்ணிலாவைத் தவிர.

சிரித்து முடித்த அஞ்சம்மாளுக்கு அடுத்தது உறைத்தது. "ஏ கலைப்பிரியா! அப்ப காலையிலருந்து இத்தினி இரும்பு எங்க வூட்டுக்குள்ளதான் இருக்குதா?"

அவ்வளவுதான். ஆளுக்கு ஒன்றாகப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வெளியே ஓடினார்கள். எதிர்வீட்டு வேப்பமரத்து நிழலில், தெருவிலேயே ஒரு பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பிவிட்டார்கள். வண்டியில் போனவர்கள் ஏலம் என்று நினைத்து நின்று நின்று விலை கேட்டுவிட்டுப் போனார்கள்.

வெண்ணிலா பையை மடித்தாள். அழுகை வந்தது, அடக்கினாள். போய்விடலாம், அடுத்த பஸ் பிடித்தால் ஒரு மணிக்கு வீடு. ஆனால் ஒருத்தியும் எழுந்து போகிற வழியாக இல்லை. எல்லோரும் மறுபடி கூடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"சரிம்மா, அது போவுது. சாப்பாடு எத்தினி மணிக்கு?" என்றாள் செண்பகம்.

வெண்ணிலா கலைப்பிரியாவைப் பார்த்தாள். கலைப்பிரியா முகம் வெளுத்து நின்றாள். "அக்கா வூட்ல கத்திரிக்கா கொழம்பு வச்சிப் போட்டீங்களாம். நான் தெரு பூரா சொல்லிட்டேங்க. யாரும் வூட்ல ஒலையே வைக்கல. புள்ளைங்களயும் இங்கதான் வரச் சொல்லியிருக்காங்க" என்று காதோரம் சொன்னாள். கல்யாணமாகி வந்த இந்த இரண்டு வருஷத்தில் தெருவை வீட்டுக்குக் கூப்பிடுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. மாமியாரின் கண் அவள் மேலேயே இருந்தது.

பாத்திரம் விற்காமல் போனால் தன்னோடு போகும். இந்தப் பெண் இந்தத் தெருவிலேயே குடியிருக்க வேண்டியவள். தானே சமைத்துவிடலாமா என்று வெண்ணிலா ஒரு கணம் யோசித்தாள். தன் குழம்பை இருபது பேர் வாயில் வைப்பதை நினைத்துப் பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய், போனை எடுத்து, நாலு தடவை எண்ணைத் தொட்டுத் தொட்டு விட்டுவிட்டு, ஐந்தாவது தடவை கூப்பிட்டாள்.

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் துடைப்பச் சத்தமும் கேட்டது.

"இன்னா, காது குத்திட்டாங்களா?" என்றாள் சவுரியம்மாள்.

"அக்கா, காது குத்து இல்லக்கா. நான் திண்டிவனத்துல இருக்கறேன். தனியா பார்ட்டி எடுத்துட்டேன். ஜெகதீசன் சார் சொன்னாரு, ஒரு ஆளு போதும்னு. நீ இல்லாம பண்ணிப் பாக்கலாம்னு வந்தேன்க்கா." ஒரே மூச்சில் கொட்டினாள். "இங்க பெரிய பேஜாரா போச்சி. எல்லாம் சோத்துக்கு ஒக்காந்துக்கினு இருக்காங்க."

துடைப்பச் சத்தம் நின்றது. வைத்துவிட்டாளோ என்று வெண்ணிலா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"எத்தினி பேரு?" என்றது போன்.

"பதினாலு. புள்ளைங்களோட இருவது."

"புளி ஊற வைக்கச் சொல்லு. மல்லாட்டய வறுத்துத் தோலெடுத்து வைக்கச் சொல்லு. எண்ண இருக்குதா பாரு. சனிக்கெழம எண்ணயும் வாங்க மாட்டாங்க." வைத்துவிட்டாள்.

வீட்டு விலாசத்தை மெசேஜில் அனுப்பிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை வெண்ணிலா எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்கே தெரியாது. அஞ்சம்மாள் கட்டளை போட, பெண்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கத்திரிக்காய் அரிந்தார்கள், வெங்காயம் உரித்தார்கள், வேர்க்கடலை வறுத்தார்கள். வறுத்ததில் பாதியைத் தின்றும் தீர்த்தார்கள். கலைப்பிரியா சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள். வெண்ணிலா மட்டும் தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள்.

ஒன்றேகாலுக்கு ஆட்டோ வந்தது. சவுரியம்மாள் அடுப்புப் பையோடு இறங்கினாள். கோயில் கழுவிய புடவையை மாற்றக்கூட இல்லை, கீழ்ப்பக்கமெல்லாம் ஈரம். வெண்ணிலா பையை வாங்கக் கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை. அஞ்சம்மாளைப் பார்த்து, "வணக்கம்மா, லேட்டாப் போச்சி" என்றாள். செண்பகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். வாசலில் படுத்திருந்த நாயைக்கூடப் பார்த்தாள். வெண்ணிலா நின்ற பக்கம் மட்டும் அவள் கண் வரவேயில்லை.

"இந்தச் சட்டியில சமைக்கலாமாம்மா?" என்று அஞ்சம்மாளிடம் கேட்டாள்.

"வாங்கத்தான் கூடாது, சமைக்கலாம். ஆனா வூட்டுக்குள்ள வாணாம்."

ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, வேப்பமரத்தடியில் கரண்ட் அடுப்பு வைத்தாயிற்று. எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது. வெங்காயமும் பூண்டும் வதங்கிய வாசனைக்குத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பெண்கள் சுற்றிக் குந்திக்கொண்டு பார்த்தார்கள். புளித்தண்ணீர் கொதித்து, அரைத்த மல்லாட்டை விழுந்ததும் குழம்பு கெட்டியாகி மினுமினுத்தது.

"ஏம்மா, இந்தச் சட்டி அடிபுடிக்காதாமே?" என்று ஒருத்தி கேட்டாள்.

சவுரியம்மாள் யோசித்தாள். "புடிக்கும்" என்றாள். "தண்ணி பத்தலன்னா எந்தச் சட்டியா இருந்தாலும் புடிக்கும்."

வெண்ணிலா மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கைப்புடி சுடாதா?"

"சுடும். கரித்துணியால புடிக்கணும்."

"எங்க வூட்ல இருக்கற குண்டான்லயே இப்பிடிக் கொழம்பு வரும் போலிருக்குதே?"

"வரும்" என்றாள் சவுரியம்மாள், உப்புப் பார்த்துக்கொண்டே. "நான் எங்க வூட்ல குண்டான்லதான் வைக்கறேன்."

வெண்ணிலாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன என்று மரத்தோடு மரமாக நின்றவள், இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்து குந்தினாள். "அக்கா இன்னா சொல்றாங்கன்னா, குண்டான்ல வச்சா பக்கத்துலயே நின்னுக்கினு கெளறணும். இதுல வச்சா? பாருங்க, அக்கா எத்தினிவாட்டி கரண்டிய எடுத்தாங்க? நான் எண்ணிக்கினுதான் இருந்தேன், மூணே வாட்டி! கைப்புடி சுடும்னு சொன்னாங்க இல்ல? ஒளிக்காம சொல்றாங்க பாருங்க. வேற கம்பெனிக்காரன் சொல்லுவானா? கைப்புடி சுடுற வரைக்கும் நீங்க எதுக்குங்க அடுப்புல வச்சிருக்கப் போறீங்க? அதுக்குள்ளதான் வெந்துடுமே!"

பெண்கள் சிரித்தார்கள். சவுரியம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் கரண்டியில் ஒரு சொட்டுக் குழம்பை எடுத்து, வெண்ணிலாவின் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டினாள். உப்புப் பார்க்கச் சொல்கிறாள். எப்போதும் செய்வதுதான். வெண்ணிலா உள்ளங்கையில் வாங்கி நக்கினாள். "சரியா இருக்குதுக்கா" என்றபோது குரல் கம்மியது. சூடு என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தெருவிலேயே பந்தி நடந்தது. இருபது பேர் என்றது முப்பதாகி, அஞ்சம்மாள் வீட்டுக்குள் போய் இன்னொரு உலை வைக்க வேண்டியதாயிற்று. மருமகளின் தோளைத் தட்டி, "நல்ல ஆளுங்களாத்தான் கூப்ட்டிருக்க" என்று அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கலைப்பிரியா அதற்கப்புறம் நடக்கவேயில்லை, மிதந்தாள்.

ஒரு மூடிகூட அன்றைக்கு விற்கவில்லை. "நாளைக்கு வாங்க, பதினோரு பேரு இருக்கறோம்" என்றாள் செண்பகம், ஏப்பம் விட்டபடி. "ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர் மட்டும் வந்தா வாங்க மாட்டோம்."

"காலையில பூச முடிஞ்சிதான் வருவேன்" என்றாள் சவுரியம்மாள்.

ஐந்து மணி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. சவுரியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெண்ணிலா பேச்சை ஆரம்பிக்க மூன்று தடவை தொண்டையைக் கனைத்தாள். மூன்று தடவையும் கனைப்போடு நின்றது. அப்போது ஜெகதீசன் போனில் வந்தார்.

"ஒண்ணும் விக்கல சார்" என்றாள் வெண்ணிலா. "நான் தனியாப் பேசிப் பாத்தேன், சரியா வரல. சரி, அப்பறம் பேசறேன்."

போனை வைத்ததும் சவுரியம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "எனக்கும் பண்ணாரு" என்றாள்.

"யாரு?"

"அவருதான். பேச்செல்லாம் எதுக்கும்மா, கைமணம் போதும், ஒரு ஆளு போதும், தனியா பண்ணிப் பாருன்னாரு." அடுப்புப் பையை மடியில் சரிசெய்துகொண்டு, "புதங்கெழம திருவெண்ணெய்நல்லூரு போயிருந்தேன்" என்றாள்.

வெண்ணிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புதங்கெழமயா? பல்லு வலி, ஆஸ்பத்திரி போறேன்னு சொன்ன?"

"வலியெல்லாம் இல்ல."

"என்ன வுட்டுட்டு நீ தனியாப் போனியா?" வெண்ணிலா கத்திய கத்தலில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காலையிலிருந்து தான் செய்த காரியம் எல்லாம் அந்த நிமிஷம் சுத்தமாக மறந்துபோயிற்று. "நாலு வருசம் கூடவே வந்தவகிட்ட சொல்லாம! எப்பிடிக்கா மனசு வந்துச்சி உனக்கு?"

சவுரியம்மாள் அவளையே பார்த்தாள். வெண்ணிலாவுக்கு மெல்ல மெல்லக் காது குத்து ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"வித்துச்சா?" என்று கேட்டாள்.

"முப்பது பேரு சாப்ட்டாங்க. கைய கழுவிக்கினு பூட்டாங்க."

வெண்ணிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சவுரியம்மாளுக்கும் உதடு துடித்தது. இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்.

சிரிப்பு அடங்கியபிறகு சவுரியம்மாள் சொன்னாள். "அங்க ஒரு பொண்ணு ஏதோ கேட்டுச்சி. எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்லுவியேன்னு பக்கத்துல திரும்பிப் பாத்தேன். பாத்தா நீ இல்ல. கரண்டியோட அப்பிடியே நின்னுக்கினு இருந்தேன் வெண்ணிலா. எனக்கு அழுவயே வந்துடுச்சி."

வெண்ணிலா கையை நீட்டினாள். சவுரியம்மாளின் மடியிலிருந்த அடுப்புப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை அவள் கொடுத்தாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது வெண்ணிலா போனை எடுத்து ஜெகதீசனைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுப் பேசினாள். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்ட சூட்சுமத்தைக் கேட்டாள். திருவெண்ணெய்நல்லூரைச் சொன்னாள், திண்டிவனத்தைச் சொன்னாள். நாளைக்குக் காத்திருக்கிற பதினோரு பேரைச் சொன்னாள். எழுதினால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டையும் அடித்துவிடுங்கள், நாங்கள் வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறோம் என்றாள். அவர் நடுவில் பேச முயன்றார். முடிகிற காரியமா? விழுப்புரம் வெளிச்சம் தெரிகிற வரைக்கும் பேசினாள்.

"சரிங்க மேடம், சரிங்க. ரெண்டு பேருமே போங்க" என்றார் ஜெகதீசன் கடைசியில், களைத்துப்போன குரலில்.

அதைச் சொல்ல வெண்ணிலா பக்கத்தில் திரும்பினாள். சவுரியம்மாள் இருந்தாள், வாயைப் பிளந்து தூங்கியபடி.